முத்தையா சுற்றிவிட்ட கறுப்பு ரேப்

1. றைவர் சீற்றில் வேறொருவர்

அந்த ஜீப் என்னுடைய கராஜுக்குள் வந்து நின்றபோது றைவர் சீற்றில் அதை வழக்கமாக ஓட்டுகிற முத்தையா இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். ஏசி வேலை செய்யவில்லை என்பதைப் பிறகுதான் சொன்னார்கள்.

நான் வாகனங்களின் மின்சார வேலை பார்க்கிற ஓட்டோ எலெக்ரீசியன். கிளிநொச்சியில் கண்டி றோட்டோரம் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில்தான் என்னுடைய கராஜ். இது தொண்ணூறுகளின் நடுப்பகுதி, சண்டையால் சனம் எல்லாம் ஊரைவிட்டு எழும்புவதற்கு முந்தின காலம். கரண்ட் இல்லை. பெற்றோல், டீசல், பற்றறி எல்லாம் எங்கள் பக்கத்துக்கு வர அரசாங்கத்தின் தடை. வயர்கூட ஒழுங்காக வராது. பழைய கார்கள் காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டதும் உயிர் பெற்று, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. செத்த வாகனத்தின் வயரை உருவி உயிரோடு இருக்கிற வாகனத்துக்குப் போடுவதுதான் என் வேலையில் பாதி. கரண்ட் அளக்கிற மீற்றருக்குள் போடுகிற ரோச் பற்றறியை வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பாவித்தேன். இப்போது ஸ்கானரைக் கொழுவினால் கோளாறின் பெயரே திரையில் வருகிறது என்று தொழில் பழகுகிற பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜீப் ஒரு நிவாரண நிறுவனத்தினுடையது. வவுனியாவிலிருந்து மருந்து ஏற்றிவருவதும், உள்ளூர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அதன் வேலை. ஜப்பான் வாகனம். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றைக் காண்பது அரிது. குளிரை எவ்வளவு என்று வைத்துவிட்டால் ஏசி தானே பார்த்து ஓடும், நிற்கும். டாஷ்போர்ட்டில் சின்ன ஒரு கண்ணாடிக்குள் வெளியே எத்தனை பாகை வெப்பம் என்று எண்ணாகக் காட்டும்.

அதை ஓட்டியவர் முத்தையா. மாத்தளைப் பக்கத்து மலையகத் தோட்டம் ஒன்றில் பிறந்து, எழுபத்தேழில் தமிழரை அடித்த கலவரத்துக்குப் பிறகு தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். முதலில் உழவு மெசின் ஓட்டினார். பிறகு லொறி, அதற்குப் பிறகு இந்த ஜீப். கூலிக்கு வாகனம் ஓட்டுபவர்கள் கன பேரைக் கண்டிருக்கிறேன். வாகனத்தில் ஏதாவது ஆடினால், "அது பாஸின்ர வேலை" என்று மெக்கானிக்கின் தலையில் போட்டுவிட்டு நிழலில் போய் இருப்பார்கள். முத்தையா இருக்கமாட்டார். பற்றறி முனையில் உப்புப் பூத்தால் சுடுதண்ணி கேட்டு வாங்கித் தானே கழுவுவார். கதவில் கிறீச்சென்று சத்தம் வந்தால் அன்றைக்கே எண்ணெய் விடுவார். தண்ணீர் மேவிய றோட்டு வந்தால் ஜீப்பை நிற்பாட்டிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்டுவார்.

அன்றைக்கு ஜீப்பை ஓட்டிவந்தவன் நேசன், அந்த நிறுவனத்தின் ஸ்ரோர் கீப்பர். பக்கத்தில் தேவராணி மிஸ் இருந்தா. கிளிநொச்சி அலுவலகத்துக்கு அவாதான் பொறுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவா. கண்டிப்பு, ஆனால் நேர்மையான மனிசி.

"எங்க மிஸ், முத்தையாவைக் காணேல்ல?" என்று கேட்டேன்.

நேசன் ஸ்ரியறிங்கைப் பார்த்தபடி இருந்தான். மிஸ்தான் சொன்னா.

"அவரை வேலையால நிப்பாட்டிப்போட்டம் பாஸ்."

2. நான் காய்ச்சலில் கிடந்த கிழமை

நடந்ததை மிஸ் கதிரையில் இருந்து சொன்னா. நான் எழுதுவது அவா சொன்னதும், பிறகு என் மனைவி சொன்னதும் சேர்ந்தது.

அதற்கு முந்தின கிழமை ஆஸ்பத்திரிக்கு இன்சுலின் கொண்டுவரப் போயிருக்கிறார்கள். அனுமதிக்காகக் கன நாள் அலைந்து எடுத்த மருந்து. ஐஸ் போட்ட பெட்டிக்குள் வைத்து, ஏசியைப் போட்டு, வெக்கை படாமல் கொண்டுவர வேண்டும். வவுனியா தாண்டிக்குளத்து இராணுவச் சோதனையில் வாகனத்தை வெயிலில் அரை நாள் நிற்பாட்டிவிட்டார்கள். ஏசி காற்று மட்டும் அடித்தது, குளிர் வரவில்லை. ஐஸ் கரைந்தது. கிளிநொச்சிக்கு வந்து பெட்டியைத் திறந்தால் போத்தல்களுக்குள் மருந்து மாப்போலத் திரண்டு கிடந்தது. டொக்டர் பார்த்துவிட்டு, இதை ஒருவருக்கும் ஏற்றேலாது என்று எல்லாவற்றையும் கொட்டச் சொல்லிவிட்டார்.

அந்த மருந்துக்காகப் பரந்தனிலிருந்து வந்து காத்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று அன்றைக்குப் பின்னேரமே மயங்கி விழுந்தது. ஆஸ்பத்திரிக்காரர் எப்படியோ வவுனியாவுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். பிள்ளை தப்பினது. ஆனால் அதோடு கதை மாறிவிட்டது. "அந்தப் பிள்ளை செத்திருந்தா ஆர் பொறுப்பு?" என்பதுதான் சந்தி முழுக்கப் பேச்சு.

நான் அந்தக் கிழமை மலேரியாவில் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். கராஜ் பூட்டு. அதனால் ஜீப்பைச் சந்தியில் இருந்த மற்றக் கராஜுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தக் கராஜ்காரர் கெட்ட மனிசன் இல்லை. மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் ஏசி வாகனம் அவர் அதிகம் கண்டதில்லை. முன் கிறிலுக்குள் ரோச் அடித்துப் பார்த்திருக்கிறார். பம்பருக்குப் பின்னால் மெல்லிய வயர் ஒன்று வந்து சேருகிற இடத்தில் வயருக்குச் சுற்றுகிற ஒட்டு நாடா, புதுக் கறுப்பு ரேப், சுற்றியிருந்தது.

"இஞ்ச பாருங்கோ மிஸ், கொம்பனி இப்பிடி ரேப் சுத்தாது. ஆரோ கைவைச்சிருக்கினம்" என்று சொல்லியிருக்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னார். ஆனால் அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. ஏசி ஓடாவிட்டால் டீசல் மிஞ்சும் என்று யாரோ சொன்னார்கள். டீசலைப் போத்தலில் வைத்து விற்கிற காலம். மிஞ்சின டீசல் எங்கே போனது என்று இன்னொருவர் கேட்டார். மிஞ்சியதா இல்லையா என்று ஒருவரும் பார்க்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் இருந்த ஒருவர், "தோட்டக்காட்டானை நம்பி மருந்து வாகனத்தைக் குடுத்தா வேற என்ன நடக்கும்?" என்று கேட்டாராம். மலையகத்திலிருந்து வந்தவர்களை இழிவாகக் கூப்பிடுகிற அந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அந்தச் சொல் இல்லாமல் இந்தக் கதை இவ்வளவு லேசாக நடந்திருக்காது என்பதால் எழுதுகிறேன்.

மிஸ் முத்தையாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறா.

"ரேப் சுத்தினது நீங்களோ?"

"ஆமாங்க மிஸ், நாந்தான். பூநகரிக்குப் போயிட்டு வந்தப்போ அந்த சாக்கெட்டு லூசா ஆடிச்சுங்க. தண்ணி போயிடுமேன்னு சுத்துனேன்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சின்ன வேலதானேங்க."

சுற்றினதை அவரே ஒத்துக்கொண்டார். மேலிடத்துக்கு அது போதும். வேலையால் நிற்பாட்டச் சொல்லி வவுனியாவிலிருந்து கட்டளை வந்தது. மிஸ் நிற்பாட்டினா.

என் மனைவி சொன்னது இது. வேலை போன மறுநாள் முத்தையா சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் இரண்டு போர்வைக்குள் பல்லுக் கிட்டிக் கிடக்கிறேன். "அண்ணே வந்து ஒரு தடவ அந்த வண்டியப் பாத்துச் சொன்னாப் போதுங்கக்கா" என்றாராம். மனைவி என்னைக் காட்டியிருக்கிறா. வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இல்லக்கா, எழுப்பாதீங்க. கொய்னா மருந்து கசக்கும், சீனி வச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் வந்து போனதே எனக்குத் தெரியாது. காய்ச்சல் விட்டு எழும்பிய பிறகுதான் மனைவி சொன்னா. வேலை போனதை அவர் சொல்லாததால், ஏன் வந்தார் என்று அவாவுக்கும் அப்போது விளங்கவில்லை.

3. சைபருக்குக் கீழே முப்பது

"இன்னொருக்கா மருந்து எடுக்கப் போகோணும். அதுக்கு முதல் இந்த ஏசி ஓடோணும்" என்றா மிஸ். "எந்த வயரை வெட்டிவிட்டிருக்கிறார் எண்டு கண்டுபிடியுங்கோ."

வெட்டின வயரைத் தேட நான் தொடங்கவில்லை. வாகனத்தில் என்ன வேலை செய்கிறது, என்ன செய்யவில்லை என்றுதான் முதலில் பார்க்கவேண்டும். எஞ்சினை ஸ்ராட் பண்ணி ஏசியைப் போட்டேன். காற்று வருகிறது, குளிர் இல்லை. பொனற்றைத் திறந்து பார்த்தால் கொம்பிறசரின் முன் தட்டு சும்மா நிற்கிறது. பெல்ற் மட்டும் சுற்றுகிறது. பியூஸ் சரி. றிலேயும் சரி. பற்றறியில் இருந்து ஒரு வயரை எடுத்துக் கொம்பிறசருக்கு நேரே கொடுத்தேன். டக் என்று தட்டுப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே குளிர்காற்று வந்தது.

"காஸ் இருக்கு, கொம்பிறசரும் நல்லாயிருக்கு மிஸ்" என்றேன். "ஓடச் சொல்லி அதுக்குக் கட்டளை வரேல்ல. அதுதான் பிரச்சினை."

கட்டளை கொடுப்பது டாஷ்போர்ட்டுக்குள் இருக்கிற ஏசிப் பெட்டி. அது ஏன் கொடுக்கவில்லை என்று யோசித்துக்கொண்டு சீற்றில் ஏறி இருந்தேன். சேட்டெல்லாம் வியர்வை. அப்போதுதான் வெளி வெப்பம் காட்டுகிற கண்ணாடியைப் பார்த்தேன். சைபருக்குக் கீழே முப்பது என்று நின்றது.

"இது எப்பவிருந்து இப்பிடிக் காட்டுது?" என்று நேசனைக் கேட்டேன்.

"அது கன நாளா உப்பிடித்தான் பாஸ். அது சும்மா ஒரு ஷோவுக்குத்தானே?"

மிஸ் சொன்னா, "ஓம், முத்தையாவும் ஒருக்காச் சொன்னவர். 'நம்ம வண்டி வெளிநாட்டுக்குப் போயிருச்சு மிஸ், பாருங்க' எண்டு பகிடி விட்டவர். நானும் சிரிச்சனான்."

தொழில் பழகுகிற பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும். வெளி வெப்பத்தை அளக்கிற சென்சர் கொட்டைப்பாக்கு அளவு சாமான். முன் பம்பருக்குப் பின்னால், காற்று படுகிற இடத்தில் இருக்கும். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்ரன்ஸ், அதாவது மின்தடை, இறங்கும். குளிர்ந்தால் ஏறும். உள்ளே அறுந்துபோனால் ரெசிஸ்ரன்ஸ் அளவில்லாமல் ஏறிவிட்டது போலத்தான் பெட்டிக்குத் தெரியும். வெளியே உறைகுளிர் என்று அது வாசிக்கும். உறைகுளிரில் கொம்பிறசரை ஓடவிட்டால் பழுதாகும் என்பதால் ஓடவிடாமல் தடுத்துவிடும். வன்னி வெயிலில் நின்றுகொண்டு அந்த ஜீப் தன்னைக் குளிரிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஆனால் அது அப்போது என்னுடைய சந்தேகம் மட்டும்தான். சென்சர் போயிருக்கலாம், சென்சரிலிருந்து பெட்டிக்குப் போகிற வயர் அறுந்திருக்கலாம், பெட்டியே செத்திருக்கலாம். மூன்றுக்கும் கண்ணாடியில் ஒரே எண்தான் வரும்.

கிறிலைக் கழற்றினேன். எல்லாரும் சொன்ன அந்தக் கறுப்பு ரேப் அங்கே இருந்தது. ஒருவரும் அதை அவிழ்த்துப் பார்த்திருக்கவில்லை. நான் அவிழ்த்தேன். ஒரு சுற்றின் பாதியை மறு சுற்று மூடுகிற மாதிரி இறுக்கிச் சுற்றி, தண்ணீர் உள்ளே இறங்காதபடி நுனியைக் கீழ்ப்பக்கமாக விட்டிருந்தது. உள்ளே சொக்கற்றின் பின்கள் இரண்டும் பளிச்சென்று கிடந்தன. ஒரு பொட்டுப் பச்சைக் களிம்பு பிடிக்கவில்லை. அந்த வயரில் வெட்டு இல்லை, ஒட்டு இல்லை.

சென்சரைக் கழற்றி மீற்றரைப் பிடித்தேன். முள்ளு அசையவில்லை. தேத்தண்ணிக்கு வைத்த சுடுதண்ணியை ஒரு பேணியில் வாங்கி அதற்குள் சென்சரைத் தாழ்த்திப் பிடித்தேன். நல்ல சென்சர் என்றால் சூட்டுக்கு முள்ளு நகர்ந்து ஓடவேண்டும். இது செத்த மாதிரிக் கிடந்தது. சென்சர் போய்விட்டது என்பது நிச்சயம்.

இனி வயரும் பெட்டியும் நல்லதா என்று பார்க்கவேண்டும். புதுச் சென்சருக்கு எங்கே போவது? பழைய றேடியோ ஒன்று கொட்டிலில் கிடந்தது. அதன் சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழைக் கழற்றினேன். அதுவும் ரெசிஸ்ரன்ஸைக் கூட்டிக் குறைக்கிற சாமான்தானே. அதைச் சொக்கற்றில் கொழுவிவிட்டு மிஸ்ஸைச் சீற்றில் இருக்கச் சொன்னேன்.

"நான் திருப்பத் திருப்ப, நீங்கள் எஞ்சினை ஓவ் பண்ணித் திரும்ப ஸ்ராட் பண்ணி, கண்ணாடியில என்ன எண் எண்டு சொல்லுங்கோ மிஸ்."

"சைபருக்குக் கீழ ஒன்பது" என்றா. கொஞ்சம் திருப்பினேன். "இப்ப கீழ நாலு." இன்னும் கொஞ்சம். "சைபர், பாஸ்." இன்னும் கொஞ்சம். "எட்டு…"

அவா சொல்லி முடிக்கவில்லை. முன்னால் டக் என்று சத்தம். என் கை படாமல், நேர் வயர் இல்லாமல், கொம்பிறசர் தானாகப் பிடித்தது. நேசன், "அடி சக்கை!" என்று கத்தினான். காற்றோட்டத் துவாரத்துக்கு நேரே கையைப் பிடித்துக்கொண்டு மிஸ் இருந்தா. குளிர்காற்று அவாவின் கையில் பட்டிருக்கும். கையை எடுக்கவேயில்லை.

பிறகு மெதுவாகக் கேட்டா. "அப்ப… ரேப்?"

"ரேப் சுத்தினதாலதான் மிஸ் இந்தச் சொக்கற் தப்பியிருக்கு. கெட்டது சென்சருக்குள்ள."

சென்சரைக் குறட்டில் வைத்து உடைத்துக் காட்டினேன். உள்ளே மெல்லிய கம்பி பச்சையாக உக்கிப்போய், ஓரத்தில் உப்புப் படிந்திருந்தது. பூநகரிக் கடற்கரை றோட்டில் பம்பர் மட்டத்துக்கு உப்புத்தண்ணிக்குள்ளால் போன பயணங்களில் ஊறியிருக்கிறது. அந்தப் பயணங்களில் மிஸ்ஸும் அந்த ஜீப்பில்தான் இருந்தவா. முத்தையா முழங்காலுக்கு மேலே நனைந்து முன்னால் நடந்ததை அவாவே கண்டிருக்கிறா.

அவா கண் கலங்கிப்போய், கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துவிட்டு நேசனிடம் சொன்னா: "முத்தையா வீடு உமக்குத் தெரியும்தானே? இப்பவே போவம். பாஸ், நீங்களும் வாங்கோ. நான் சொன்னா மட்டும் போதாது."

புறப்பட முதல், இருபத்தேழு பாகைக்குரிய மின்தடையுள்ள ஒரு நிரந்தர ரெசிஸ்ரரை ஈயத்தால் பற்றவைத்து சொக்கற்றில் கொழுவிவிட்டேன். அன்றிலிருந்து அந்த ஜீப்புக்கு வெளியே எப்போதும் இருபத்தேழு பாகைதான். மாரியானாலும் கோடையானாலும் அதுதான். ஆனால் மருந்து பழுதாகவில்லை.

4. லெட்சுமி கேட்டது

முத்தையாவின் வீடு குடியேற்றக் காணியின் கடைசியில் இருந்தது. மண் சுவர், ஓலைக் கூரை. முற்றத்தில் மரவள்ளியும் கத்தரியும் நின்றன. ஜீப்பின் சத்தம் கேட்டு அவருடைய மனைவி லெட்சுமி கிணற்றடியிலிருந்து வந்தா. ஜீப்பைக் கண்டதும் நடை நின்றுவிட்டது. இன்னும் ஏதோ குற்றம் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பா.

"முத்தையா நிக்கிறாரோ?" என்று மிஸ் கேட்டா.

"இல்லீங்க. வேல தேடி வவுனியா பக்கம் போனாரு. எங்க இருக்காருன்னு தெரியலீங்க."

மிஸ் எல்லாவற்றையும் சொன்னா. வாகனத்தில் பழுது இருந்த இடத்தை, அது எப்படி வந்தது என்பதை, முத்தையாவில் ஒரு பிழையும் இல்லை என்பதை. நான் உடைந்த சென்சரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். லெட்சுமி அதைத் தொடவில்லை, பார்த்தா.

"இவ்வளவு சின்னதாங்க?" என்றா.

"நாங்கள் பிழை விட்டிட்டம். அவர் திரும்பி வரோணும். வேலை அப்பிடியே இருக்கு. நான் மேலிடத்தோட கதைக்கிறன்" என்றா மிஸ்.

"வேலய அவரு வந்து பாத்துக்குவாருங்க மிஸ். வேற ஒண்ணு இருக்கு. எம் மூத்த புள்ள பள்ளிக்கூடம் போறதில்ல. 'மருந்து திருடன் மக'ன்னு புள்ளைங்க சொல்லுதுங்களாம். கடையில சொல்றவுங்க சொல்லிட்டுப் போறாங்க. நீங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து, அங்க வச்சு, எங்க புள்ளையோட அப்பா திருடலன்னு சொல்லணும். அது போதும்."

மிஸ் உடனே ஓம் என்றா. அடுத்த நாள் காலை, பிரார்த்தனைக்குப் பிள்ளைகள் வரிசையாக நின்ற நேரத்தில் அதிபரிடம் அனுமதி கேட்டு முன்னால் போய் நின்றா. நானும் மாமரத்தடியில் நின்றேன். ஒன்றையும் மறைக்காமல், சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரிச் சொன்னா. "அவரில நாங்கள் அநியாயமாப் பழி போட்டிட்டம். அவர் அந்த வாகனத்தைக் காப்பாத்தத்தான் பாத்தவர். பிழை எங்களில" என்று சொன்னா.

முத்தையாவின் மகள் அந்த வரிசையில் இல்லை. முதல் நாள் இரவு தாய் எவ்வளவு சொல்லியும் பிள்ளை சீருடையைப் போடமாட்டேன் என்று அழுதிருக்கிறது. பிறகு தோழிகள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் மிஸ் சொன்னதைச் சொன்னார்களாம். ஆனால் அந்தப் பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. கொஞ்ச நாளில் முத்தையாவிடமிருந்து சொல் வந்தது என்று லெட்சுமி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டா. அதற்குப் பிறகு கிளிநொச்சியே எழும்பியது. கராஜை விட்டுவிட்டு மீற்றரையும் குறட்டையும் சாக்கில் போட்டுக்கொண்டு நானும் மல்லாவிக்கு ஓடினேன். அந்த ஜீப் என்ன ஆனது என்று தெரியாது. மிஸ்ஸும் எங்கேயோ மாறிப் போய்விட்டா.

5. வவுனியாவில் ஒரு நெல் மில்

சில வருசங்களுக்குப் பிறகு, கண் வைத்தியத்துக்காகப் பயண அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போனேன். தங்கியிருந்த வீட்டுக்காரர் நெல்லுக் குத்தப் போனபோது நானும் கூடப் போனேன். மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கினார்.

"அண்ணே!"

முத்தையாதான். மெலிந்து, தலை நரைத்து, தோளில் சாக்கு மடித்துப் போட்டிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "காய்ச்சல் சொகமாயிருச்சா?" என்று கேட்டார். அவருடைய மனத்தில் நான் இன்னும் அந்தப் போர்வைக்குள்தான் கிடந்தேன்.

மில்லின் ஓரத்தில் குந்தி இருந்து தேத்தண்ணி குடித்தோம். நான் சென்சர் விசயத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை ஆட்டினார்.

"தெரியும்ணே. லெட்சுமி எல்லாஞ் சொன்னா. மிஸ் பள்ளிக்கூடத்துல சொன்னதையும் சொன்னா. நல்ல மனுசி, பாவம்."

"பேந்து ஏன் நீங்கள் வரேல்ல? இஞ்சயும் றைவிங் வேலை இருக்குமே. ஏன் மூட்டை தூக்குறியள்?"

தோளில் கிடந்த சாக்கைச் சரிசெய்தார். பிறகு சொன்னார்.

"லைசன்ஸ் பொட்டியில இருக்குண்ணே. இங்க வந்து ஒருத்தர்கிட்ட வேன் ஓட்டுனேன். ஒரு நாளு வண்டி நடுவழியில நின்னு போச்சு. அவரு கெட்டவரு இல்ல, ஒண்ணும் சொல்லல. ஆனா திரும்பி என்னையப் பாத்தாரு பாருங்க, அதோட எறங்கிட்டேன். மூட்டையில கோளாறு வராதுல்ல."

சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"மகள் எப்பிடி?" என்று கேட்டேன்.

"தையக் கடையில இருக்கா. படிப்பு அப்பவே விட்டுப்போச்சு."

அந்த நேரம் மில் எஞ்சினிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. பெல்ற்றை மூடியிருந்த தகரக் காப்பின் நட் ஒன்று கழன்று ஆடியது. முத்தையா திரும்பி அதைப் பார்த்தார். எந்த நட், எந்தப் பக்கம் என்று அவருடைய கண் சரியாகப் போய் நின்றதை நான் கண்டேன். சுவரில் ஸ்பனர் தொங்கியது, கையெட்டுகிற தூரத்தில்தான். முன்னைய முத்தையா என்றால் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பியிருப்பார்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தார்.

"நம்ம வேல இல்லீங்க" என்றார். "மொதலாளி வந்து பாப்பாரு."

இந்தத் தொழிலில் நான் கண்டுபிடித்த பழுதுகள் எத்தனையோ. அநேகமானவற்றைச் சரிசெய்தும் கொடுத்தேன். அந்த ஜீப்பையும் சரிசெய்தேன். ஆனால் ஜீப் என் கையில் வரமுதலே ஒரு நல்ல றைவரைப் பழுதாக்கிவிட்டார்கள், அதைச் சரிசெய்ய எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வாகனத்தில் ஒருவர் கைவைத்த அடையாளத்தைக் கண்டால் அதை அவிழ்த்துப் பாருங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று அளந்து பாருங்கள். அதுவரைக்கும் ஆளைப்பற்றி வாய் திறக்காதீர்கள். சோதிக்க அரை மணித்தியாலம் போதும். அதற்கு முதல் சொல்லிவிட்ட சொல்லைத் திருப்பி எடுக்க, ஒரு பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னாலும் முடியாமல் போகலாம்.

நான் எழும்பிப் போய், மில்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஸ்பனரை எடுத்து அந்த நட்டை இறுக்கினேன். சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தபோது முத்தையா அடுத்த மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.